அலமாரியை விட்டு வந்த புரொஜெக்டர்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில், பழுதாகிவிடும் என்று புரொஜெக்டரை அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். விரிவுரையாளர் அதன் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துவார்.

"இன்னைக்கும் உன்னை வரைஞ்சாங்க" என்றது கரும்பலகை.

"யாராவது தொட்டுப் பார்க்கணும்னு கேட்டாங்களா?" என்று அலமாரிக்குள்ளிருந்து கேட்டது புரொஜெக்டர்.

"இல்லை."

மறுநாள் மாணவி பூங்கோதை எழுந்தாள். "மேடம், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல புரொஜெக்டர் வச்சுப் பாடம் எடுக்கணும். தப்பு பண்றதை இங்கேயே பண்ணிப் பார்த்துடறோமே!"

விரிவுரையாளர் தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தார்.

முதல் படம் தலைகீழாக விழுந்தது. வகுப்பே சிரித்தது. மறுபடி பூட்டிவிடுவார்களோ என்று புரொஜெக்டர் நடுங்கியது. பூங்கோதையும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். படம் நேரானது. மற்றவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில் விரிவுரையாளரும் நின்றார்.

"எனக்கும் இதை இயக்க இதுவரை தெரியாதும்மா. நீ கேட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றார்.

"நான் சொல்ல நினைச்சதை அவங்க சொல்லிட்டாங்க" என்று கரும்பலகையிடம் சொன்னது புரொஜெக்டர்.