ஏழாவது ஆட்டம்

மொன்றியலின் பேஸ்போல் அணியை வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதென்று முடிவாகியிருந்த அந்த 2004 ஒக்டோபரிலும், ஆங்கில வானொலியில் மைக்கும் ஜோவும் தினமும் மோதிக்கொள்வது நிற்கவில்லை. டோர்வலிலிருந்து தொலைபேசியில் கத்துகிற நியூயோர்க் ரசிகர் மைக், வீட்டில் மரியநாயகம். கர்க்லாண்டிலிருந்து பதில் கொடுக்கும் ஜோவோ பொஸ்டன் பக்கம்.

"இன்று ஏழாவது, கடைசி ஆட்டம். இரண்டே நாள் ஓய்வெடுத்த ஆளையா உம்முடைய பொஸ்டன்காரர் பந்து வீச இறக்குவார்கள்? கை கழன்று விழும்!" என்றார் மைக்.

"களைத்தாலும் பழகிய கை. உமக்குப் பிடிவாதம் மட்டும்தான் இருக்கிறது, மூளை இல்லை," என்று சீறினார் ஜோ.

பிறகு அவருடைய குரல் தணிந்தது.

"மைக், ஆட்டம் பார்க்க என் வீட்டுக்கு வாருமேன்."

நிகழ்ச்சி நடத்தியவர் சிரித்தார். "முகவரி கொடுக்கவேண்டாமா, ஜோ?"

"தேவையில்லை. அவருக்கு வீடு தெரியும்."

மரியநாயகம் தொலைபேசியை வைத்தார். குசினியில் சமைத்தபடி வானொலி கேட்டுக்கொண்டிருந்த மனைவி பிலோமினா ஓடிவந்தாள்.

"ஆறு வருசத்துக்குப் பிறகு உங்கட அண்ணை வாய் திறந்து கூப்பிட்டிட்டார். வெளிக்கிடுங்கோ!"

மரியநாயகம் அசையவில்லை.

"தன்ர மகளின்ர கலியாணத்துக்கு வீட்டை வந்து சொல்லாமல், தபாலில கார்ட் அனுப்பின மனிசன் அவர். இப்ப றேடியோவில கூப்பிடுறார்."

"அதுக்கு?"

"அவருக்கும் இந்த வீடு தெரியும்தானே?"