கடைசிச் சுரக்கூட்டு

பெங்களூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை இழவு வீட்டில் பேண்ட் செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் பங்காளிகள் தர்ஷனைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன், சேலத்துக்குப் போய் சாக்ஸபோன் கற்றவன், செத்துப்போன நாச்சிமுத்துவுக்கு ஒரு பாட்டு வாசிக்காவிட்டால் எப்படி?

அவனால் மறுக்க முடியவில்லை.

பிசகாமல் வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஜாஸ் பாட்டு. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரத்தக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாசித்துவிட்டு ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

எந்தப் படத்துப் பாட்டு என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

பதற்றத்தில் அவன் அதன் வரலாற்றையே சொல்லத் தொடங்கினான். நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பாட்டு. முதலில் நடனக் கூடங்களில் வேகமாக வாசித்தார்களாம். நண்பனைப் புதைத்துவிட்டு வந்த ஒருவர் அதை மெதுவாக்கினார், அன்றிலிருந்து மெதுவாகத்தான். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், எல்லாமே சோகமானவை. கடைசி ஒன்று மட்டும், அதில் ஒரு சுரம் மேலேறி, சட்டென்று சந்தோஷத்துக்குத் திரும்பும். அதை வாசிப்பதா விடுவதா என்று இன்றைக்கும் சண்டை.

“சரி வாசி கண்ணு, புள்ளையோட வண்டி பைபாஸத் தாண்டிருச்சாம்” என்றார் அவர்.

தன் அறையிலிருந்து எடுத்துவந்த ஸ்பீக்கரில் பியானோவை ஓடவிட்டு, கண்களை மூடிக்கொண்டான்.

பியானோ படிப்படியாக இறங்கியது. அதன் கூடவே அவனும் இறங்கினான். பெண்களின் அழுகை தணிந்தது. கடைசியில் மூச்சை முழுக்க இழுத்து அந்த ஒரு சுரத்தை மேலே ஏற்றினான். வெற்றிலைக் கொடிக்கால் நிழலுக்குள் ஒரு துண்டு வெயில் விழுந்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தான். சௌந்திரத்தக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தாள். வளையலுக்கு மேலே, எப்போதோ முறிந்த முன்கை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அவன் குனிந்தான். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“எங்கூட்ல சத்தம் வாரப்பெல்லாம் பெருசா வெப்பியே, அந்தப் பாட்டுத்தானே சாமி இது? முடிவு இப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

தர்ஷனால் நிமிர முடியவில்லை.

அப்போதெல்லாம் அவள் அலறல் அடங்கியதும் பாட்டை அவன் பாதியிலேயே நிறுத்திவிடுவான்.