புரியாத கச்சேரி

"இன்னுமா சுருதி சேக்காங்க?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கச்சேரியே அதுதான்ணே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ராஜபாளையம் மண்டப மேடையில் அனுக்ரஹா வயலினும் அவள் தோழி செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியமும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அனுக்ரஹாவின் அப்பா ரெங்கமன்னார் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தோற்றார்.

"கிணத்து உருளை கத்துற மாதிரி இருக்கு கமலா. இதுக்கா நம்ம பொண்ணு சென்னைக்குப் போய்ப் படிச்சா?"

"சும்மா கேளுங்க" என்றாள் கமலவல்லி.

"உனக்குப் புரியுதாக்கும்?"

"ரெண்டும் மாத்தி மாத்திக் கத்துது. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு கேக்கலை. நம்ம வீட்டுல கேட்ட சத்தம்தான?"

அவர் சிரித்துவிட்டார். "இன்னும் எம்புட்டு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

பெருமூச்சு விட்டார். வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து போனார்கள். ஒருவழியாக வாசிப்பு முடிந்தது. மிஞ்சியவர்கள் நிம்மதியோடு கைதட்டினார்கள். கமலவல்லி கிளம்ப எழுந்தாள்.

"ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார் ரெங்கமன்னார்.

பக்கத்தில் இருந்தவர்கள் அவரை முறைத்தார்கள்.

"பிடிக்கலைன்னீங்க?" என்றாள் கமலவல்லி.

"இப்பவும் பிடிக்கலை. ஆனா முடிஞ்சதும் நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிருவ. விவாகரத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான பக்கத்துல உக்காந்திருக்கோம்."

கமலவல்லி மேடையைப் பார்த்தாள். மகள் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கலை."