பூட்டி வைத்த மருந்து

“உள்ள பூட்டி வெச்சிருக்கீங்களாமே, அந்த நல்ல மருந்து... அதை என் பொண்டாட்டிக்குக் கொடுத்தா என்ன டாக்டர்?”

ஐசியூ வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார் லைல் திபோடோ. எங்கள் ஊர் ஹாக்கி அரங்கில் பனித்தரையைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவர். மனைவி ரோஸாலிக்கு இதய ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம் மூச்சு விட வைத்திருந்த குழாய் வழியாக நுரையீரலில் கிருமி புகுந்துவிட்டது.

“முடியாது, மிஸ்டர் திபோடோ” என்றார் டாக்டர் கிரீவ்ஸ். தொற்றுநோய்ப் பிரிவின் தலைவர். அந்த மருந்து அலமாரியின் சாவி அவரிடம்தான்.

“ஏன் டாக்டர்?”

“இந்தக் கிருமி இன்னும் பார்க்காத மருந்து அது ஒண்ணுதான். இன்னைக்கு உங்க வீட்டம்மாவுக்குக் கொடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பார். கிருமி அதையும் படிச்சு பாஸ் பண்ணிடும். அப்புறம் ஒன்டாரியோ மாகாணம் முழுக்கத் தேடினாலும் மருந்து இருக்காது. பழைய மருந்துங்க பாக்கி இருக்கு. அதெல்லாம் தோத்தா பார்க்கலாம்.”

“அதுவரைக்கும் அவ தாங்குவாளா?”

“நான் ஒருத்தருக்கு மட்டும் டாக்டர் இல்ல. எல்லாருக்கும் டாக்டர்.”

என்ன வசனம்! கைதட்டாத குறைதான்.

லைல் தலையைக் குனிந்துகொண்டு, “சாரி டாக்டர்” என்றார். எங்கள் ஊரில் மிதித்தவன் சும்மா இருப்பான், மிதிபட்டவன் சாரி சொல்வான்.

அந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். தண்ணீர்க் குழாயில் இருக்கும், பூந்தொட்டியில் இருக்கும். நன்றாக நடமாடுகிறவனைச் சீண்டாது. படுத்துவிட்டவன் மேல் ஏறி உட்காரும். நமக்கும் அப்படிச் சில சொந்தக்காரர்கள் உண்டே! அதன் மரபணுவைப் படித்துச் சொல்வதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை.

“மனுஷனா அந்தாளு? பாறாங்கல்லு!” என்று என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள் ஐசியூ டாக்டர் ஆட்ரி.

“அவர் சொல்றது நியாயம்தானே ஆட்ரி? கண்டவங்களுக்கும் அள்ளி விட்டா அந்த மருந்தும் வீணாப் போயிடும்.”

“நீயும் அவர் கட்சியா? போ, உன் மெஷினையே கட்டிக்கிட்டு அழு.”

பழைய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கடைசியில் கிரீவ்ஸ், பாட்டன் சொத்தைப் பங்கு வைக்கிற முகத்தோடு அலமாரியைத் திறந்தார்.

ஊசி ஏறியது. காய்ச்சல் அசையவே இல்லை. கிருமி அந்த மருந்தையும் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தது.

“பார்த்தீங்களா?” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் குதித்தார் கிரீவ்ஸ். “எவனோ ஒரு பொறுப்பில்லாதவன் இந்த மருந்தைத் தண்ணியா வாரி இறைச்சிருக்கான். அதனாலதான் நான் கறாரா இருக்கேன்!”

வியாழக்கிழமை மத்தியானம் ரோஸாலி போய்விட்டார்.

லைல் அழுதுகொண்டே கிரீவ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “சாரி டாக்டர். அன்னைக்கு நான் சுயநலமாக் கேட்டுட்டேன். நீங்க எல்லாருக்காகவும் யோசிச்சீங்க.”

“பரவாயில்ல, எனக்குப் புரியுது” என்று பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார் கிரீவ்ஸ். நான்கூட மனசுக்குள் அவருக்கு ஒரு சலாம் போட்டேன்.

மறுநாள் ஆட்ரி என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“இந்த ஆஸ்பத்திரியில இதுக்கு முன்னாடி ஒரு நோயாளிக்குக்கூட அந்த மருந்து போகலை. கிரீவ்ஸ் எங்க விட்டார்? அப்புறம் எப்படி இந்தக் கிருமிக்கு அது பழக்கமாச்சு? பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் வெளியாயிடுச்சா? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

எனக்கும்தான். ரோஸாலியின் கிருமியை, நாங்கள் இதுவரை படித்து வைத்திருக்கும் மற்ற எல்லாக் கிருமிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நோயாளிகள் யாருடையதோடும் சேரவில்லை.

ஒன்றோடு மட்டும் அச்சாகச் சேர்ந்தது. எதிர்ச் சாரியில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் எங்கள் ஆய்வுக்கூடம்தான் கிருமி படித்துக் கொடுக்கிறது. அங்கிருந்து கோடையில் வந்த ஒரு நாயின் காதுச் சீழ்! அதிலிருந்தது மூத்த கிருமி, ரோஸாலியைத் தின்றது அதன் வாரிசு. யார் கையிலோ ஒட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறது.

கால்நடை டாக்டர் நெஸ்பிட்டுக்கு போன் போட்டேன். நல்ல அம்மாள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

“ஓ, அந்த நாயா? வயசான லாப்ரடார். பாவம், காதுல சீழ் நிக்கவே மாட்டேங்குது.”

“அதுக்குப் போய் அவ்வளவு பெரிய மருந்தா கொடுத்தீங்க?” என்று எகிறினேன்.

“ஐயையோ, நான் எங்க கொடுத்தேன்? என்கிட்ட ஏது அந்த மருந்து? வளர்க்கிறவரே கொண்டு வந்து மாசக்கணக்கா சொட்டு சொட்டா விட்டுக்கிட்டிருக்கார். வேண்டாம்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், கேக்கல.”

“கேக்கலையா? ஒரு அம்மா செத்தே போயிட்டாங்க, தெரியுமா? யாருங்க அந்தப் புத்தி கெட்ட ஆளு?”

“திட்டாதீங்க, பாவம். ‘வாயில்லா ஜீவன் வலியில முனகுது, நல்ல மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி நெஸ்பிட் சும்மா பார்த்துட்டு இருக்கிறது’ன்னு தேம்பித் தேம்பி அழுதார். ரொம்ப இளகின மனசு, உங்க டாக்டர் கிரீவ்ஸுக்கு!”