இரைச்சல் பெட்டிக்குள் ஒரு தாலாட்டு

ஓர் அலமாரியில் கீறல் விழுந்த தாலாட்டு இசைத்தட்டு ஒன்று இருந்தது. "இதை நாளைக்குக் காயலான் கடையில போட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதும் அது பக்கத்திலிருந்த இரைச்சல் இசைப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது.

அந்தப் பெட்டியில், இரைச்சலையே இசையாக நினைக்கும் கலைஞர்கள் ஆளுக்கொன்றாகப் பதிவுசெய்த மூன்று தட்டுகள் இருந்தன: துளைபோடும் மெஷின், ஆலைச் சங்கு, தகரக் கூரை மழை.

"ஏய் தாலாட்டு, வழி தவறிட்டியா? இங்கே யாரும் தூங்க வர்றதில்லை" என்று மெஷின் தட்டு சிரித்தது.

"ஒரு ஓரமா இருந்துக்கறேன் அண்ணா."

மாலையில் வீட்டுக்காரரின் நண்பர்கள் கூடிப் பெட்டியைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கிராமபோனில் ஓடவிட்டார்கள். மெஷின் அலறியது, சங்கு ஊதியது, தகரம் அதிர்ந்தது. எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். அடுத்து, பெயரைப் பார்க்காமலே ஒருவர் தாலாட்டை எடுத்து வைத்துவிட்டார்.

"ஊசியக்கா, என் கீறலை மட்டும் தாண்டிப் போயிடுங்களேன்" என்று அது கெஞ்சியது.

"தாண்ட முடியாதும்மா. நீ பாட்டுக்குச் சுத்து" என்றது ஊசி.

"ஆராரோ" என்று தொடங்கிய குரல் கீறலில் மாட்டிக்கொண்டது. க்ரக்-ஆரா, க்ரக்-ஆரா, க்ரக்-ஆரா! அறையில் ஒருவரும் அசையவில்லை.

வீட்டுக்காரரே எழுந்து நின்றுவிட்டார். "யாருப்பா இந்த ஆர்ட்டிஸ்ட்? பெட்டியிலேயே இதுதான் உச்சம். சத்தத்தைக் கூட்டு!"

தாலாட்டு பெட்டிக்குத் திரும்பியபோது மெஷின் தட்டு அவசரமாக ஒதுங்கியது.

"தள்ளி உட்காருங்கப்பா, அக்கா வர்றாங்க."