எந்த சரி

“அது எந்த சரி?”

கேட்டவள் டீச்சர். உண்மையில் அவளும் எஞ்சினியர்தான், இவளைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். செயற்கைக்கோளின் பாகங்களைப் பொருத்தும்போது செய்முறையை வரி வரியாக உரக்கப் படிப்பது அவள் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர்.

ஒருத்தர் படிக்க வேண்டும், இன்னொருத்தர் செய்ய வேண்டும். தனியாக யாரும் எதையும் தொடக்கூடாது. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த இவளுக்குச் செய்கிற இடம் கிடைத்தது இன்றுதான்.

தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை அங்கி. இரண்டு பேருக்கும் கண்கள் மட்டும் வெளியே.

“கடைசி கனெக்டர். ரெண்டு திருகையும் இறுக்குன்னு படிச்சேன். நீ சரின்னே. நான் டிக் போட்டுட்டேன். இப்போ கேக்குறேன். இறுக்கிட்டேங்கிற சரியா, காதுல விழுந்துச்சுங்கிற சரியா?”

இவள் தன் கைகளைப் பார்த்தாள். கையுறைக்குள் இருந்த விரல்களுக்கும் ஞாபகம் இல்லை.

ஒயர்களை இணைக்கும் அந்த கனெக்டர் இப்போது பேனலுக்குப் பின்னால் இருந்தது. பேனலை மூடியாகிவிட்டது. நாளைக்கு அதிர்வுச் சோதனை. பிறகு ராக்கெட். அதற்கும் பிறகு, எந்தக் கையும் எட்டாத தூரம்.

தூசி நுழையாத இந்த கிளீன் ரூமில் ‘சரி’க்குத் தடை. சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். செய்து முடித்தால் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். காதில் வாங்கியிருந்தால் கேட்டது என்று சொல்ல வேண்டும். சரி என்பது நம் வாயில் எதற்கும் வரும். ஒப்புக்கொண்டாலும் சரிதான், புரியாமல் தலையாட்டினாலும் சரிதான், பேச்சு முடிந்தால் போதும் என்றாலும் சரிதான்.

“கல்யாணத்துக்குக் கேட்டா சரின்னு சொல்லிக்கோ தாயே. இங்க வேணாம்,” என்று டீச்சர் அன்றைக்குக் கேலி செய்திருந்தாள்.

இன்று அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அண்ணன் ஃபோன் செய்தபோது உடை மாற்றும் அறையில் நின்றிருந்தாள், ஒரு கால் அங்கிக்குள், ஒரு கால் வெளியே. உள்ளே ஃபோன் கொண்டுபோக அனுமதி இல்லை. அவசரமாக நாலு வார்த்தை பேசிவிட்டு, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். நினைப்பு மட்டும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

அப்பா பஸ் ஓட்டியவர். இவளுக்கு வேலை கிடைத்த அன்று, “மேல அனுப்புறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு பாப்பா, சக்கரத்தை ஒரு தட்டு தட்டிப் பாத்துடுறேன்,” என்றார். அதற்குச் சக்கரமே கிடையாதுப்பா என்று இவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “அப்போ எப்படி நிறுத்துவீங்க?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரிவுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. இறுக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தெரியாது என்றால் பேனலைக் கழற்ற வேண்டும், சோதனை தள்ளிப்போகும், வேலை இன்னும் நிரந்தரமாகாத ஒருத்தியின் பெயர் முதல் காரியத்திலேயே கெடும்.

“தெரியலைக்கா,” என்றாள். “திறந்து பாக்கணும்.”

டீச்சரின் கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன.

“கேக்காம டிக் போட்டது நான். ரெண்டு பேருமா வாங்கிக் கட்டிக்கலாம், வா.”

லாரி திரும்பிப் போனது. பிரிவுத் தலைவர் யாரிடமோ ஃபோனில் கெஞ்சுவது கண்ணாடி வழியாகச் சத்தமில்லாமல் தெரிந்தது. இவர்கள் ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பேனலைத் திறந்தார்கள்.

கனெக்டரின் ஒரு திருகு இறுகியிருந்தது. இன்னொன்று, விரல் பட்டதுமே சுழன்றது.

டீச்சர் அந்த வரியை மறுபடி படித்தாள். இவள் இறுக்கினாள்.

“இறுக்கிட்டேன்.”

சொல்லி முடித்தபோதுதான், காலையில் அண்ணனுக்கு என்ன பதில் சொன்னோம் என்பது உறைத்தது.

‘மூளை இனிமே வேலை செய்யாதாம் பாப்பா. மூச்சு மெஷினை எடுத்துடலாமான்னு டாக்டர் கேக்குறாரு’ என்றிருந்தான் அவன்.

‘சரிண்ணா’ என்றிருந்தாள் இவள்.

அங்கியைக்கூடக் கழற்றாமல் லாக்கருக்கு ஓடினாள். அண்ணனை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். அதுவும் நிற்கப்போகிற நேரத்தில் அண்ணன் எடுத்தான்.

“அண்ணா, காலைல நான் சரின்னு சொன்னேன்ல…”

“ஆமா.”

“எடுத்துட்டாங்களா?”

“லூசு. உன் சரி எனக்குத் தெரியாதா? சாப்பிட வாடின்னா சரிம்பே. எல்லாம் ஆறிப்போன அப்புறம்தான் வருவே.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அவ காதுல வாங்கிட்டான்னுதான்டா அர்த்தம், இன்னும் பதில் சொல்லலைன்னு. நான் கையெழுத்துப் போடலை.”

இவள் லாக்கர் கதவில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஆனா டாக்டர் சொன்னதுல மாற்றம் இல்லை பாப்பா,” என்றான் அண்ணன். “இப்போ சொல்லு.”

அழுகை அடங்கும்வரை அவன் அவசரப்படுத்தவில்லை.

“நான் கிளம்பி வர்றேன்,” என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அப்பா கையைப் பிடிச்சுக்கிறேன். அப்புறம் மெஷினை எடுக்கச் சொல்லுண்ணா.”