பக்கத்து வீட்டு நாய்

"நோபியை எங்க விடறது?" என்றாள் ஹேசல்.

"பக்கத்து வீட்டு கிளெக்கிட்ட. அவர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்" என்றான் ட்ரெவர்.

"அது நம்ம நாய், ட்ரெவர்."

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இல்ல."

தத்தெடுக்க மனு போட்டு, மாதக்கணக்கில் போன் பக்கத்திலேயே அவர்கள் உட்கார்ந்திருந்த பிறகு, இன்றுதான் முதல் தடவையாக சமூகநல அலுவலர் அவர்கள் வீட்டுக்கு வருகிறார். நகராட்சி கவுன்சிலின் பொறுப்பில், இன்று இந்த வீடு நாளை அந்த வீடு என்று வளர்கிற குழந்தைகளில் ஒன்று அவர்களுக்கு வரும். வந்தால். மாடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த அறை காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹேசல் உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

பாதுகாப்பு விஷயத்தில் ட்ரெவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பிளக் பாயின்ட்டுக்கெல்லாம் மூடி போட்டான். மாடிப்படிக்கு கேட் மாட்டினான். கத்திகளை அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியை எங்கே வைத்தான் என்பதுதான் அவனுக்கே நினைவில்லை.

பாக்கி இருந்தது நோபி. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய். இரண்டு வீட்டார் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நாய். புது ஆள் வந்தால் உறுமும். ஷூவைக் கவ்வினால் விடாது. நாயாலேயே யாருக்கோ தத்து கிடைக்காமல் போனதாக ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். ட்ரெவருக்கு அது போதும்.

லொரெய்ன் என்ற அந்த அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சிரிப்பில் கொஞ்சம் சிக்கனமான அம்மா. சோபாவில் உட்கார்ந்தார். டீ வந்தது, எலுமிச்சை கேக் வந்தது. கத்தி வர வழியில்லாததால் ஹேசல் கேக்கைக் கையாலேயே பிட்டு வைத்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன். இந்தக் குழந்தைங்களை வளர்க்கறது கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார் லொரெய்ன். "கத்தும், கடிக்கும், கையில கிடைச்சதை உடைக்கும். ஏற்கெனவே ரெண்டு மூணு வீடு மாறி வந்திருக்கும்."

"அதனால என்ன?" என்றான் ட்ரெவர், ஒத்திகை பார்த்தபடியே. "எங்க வாசப்படி ஏறிட்டா அது எங்க குழந்தை. தொல்லையா இருக்குன்னு வெளிய அனுப்பற ஆளுங்க நாங்க இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஓர் ஊளை வந்தது. ஷெஃபீல்ட் நகரத்து வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"நாயா?" என்றார் லொரெய்ன்.

"பக்கத்து வீட்டு நாய். வளர்க்கத் தெரியல அவங்களுக்கு" என்றான் ட்ரெவர்.

ஹேசல் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி குழந்தை அழுதா யாரு எழுந்து போவீங்க?" என்று கேட்டார் லொரெய்ன்.

"ரெண்டு பேரும்தான்!" என்று ஊளைக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னான் ட்ரெவர்.

ஊளை நின்று, முனகலாக மாறியது. அப்புறம் நகத்தால் சுவரைப் பிறாண்டுகிற சத்தம். ஹேசல் எழுந்தாள்.

"உக்காரு, ஹேசல்."

"அவன் என்னைத்தான் கூப்பிடறான்."

வாசல் கதவு திறந்தது. லொரெய்ன் டீ குடித்தார். ட்ரெவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹேசல் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"இது எங்க நாய்தாங்க. பொய் சொல்லிட்டோம். உறுமுவான், கடிப்பான். இதனால எங்களுக்குக் குழந்தை இல்லன்னு ஆயிடுச்சுன்னா பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இவனை எங்களோடதில்லன்னு சொல்றதைக் கேட்டுட்டு என்னால உக்காந்திருக்கவும் முடியல."

நோபி அவள் கையிலிருந்து குதித்தது. நேராகப் போய் லொரெய்னின் ஷூவைக் கவ்விக்கொண்டு உறுமியது. ட்ரெவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மஞ்சள் அறைக்கு இனி யாரும் வரப்போவதில்லை.

"நாய் இருக்கறது சோபாவுல உக்காந்தப்பவே தெரியும்" என்றார் லொரெய்ன். அவருடைய கறுப்புப் பேன்ட் முழுக்க வெள்ளை முடி.

"அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றான் ட்ரெவர், கையை எடுக்காமலே.

"கேட்டா வாயாலதானே பதில் சொல்வீங்க? அழுதா யாரு எழுந்து போறாங்கன்னு நான் பாக்கணும். அதான் உக்காந்திருந்தேன்."

ஷூவை விடுவித்துக்கொள்ளாமலே கோப்பையை ஹேசலிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் டீ ஊத்தும்மா. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வர்றேன். அன்னிக்கு நீங்க எழுந்திருக்கறீங்களான்னு பாக்கலாம், ட்ரெவர்."